நேராக வந்த கோப்பைகள்

என்னிடம் உள்ள ஒரு புகைப்படத்தின் பின்பக்கத்தில், "சாய்ஞ்ச கப்பு, மொத லோடு, ஆவணி, வெள்ளி" என்று சித்தப்பாவின் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. ஆண்டு இல்லை. ஆண்டில்லாத படம் எனக்கு உறுத்தும். வீட்டில் எல்லோரையும் கேட்டுப் பார்த்ததில் ஒன்று உறுதியானது. மெயின் போர்டில் இருந்த பீங்கான் பியூஸ் கட்டையைக் கழற்றிவிட்டு, கோளாறு வந்தால் தானாக விழுந்துகொள்ளும் சுவிட்சை அப்பா மாட்டிய ஆண்டு அது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன்.

கழற்றப்பட்ட கட்டை சித்தப்பா செய்தது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து அவர் பியூஸ் கட்டைகள் செய்துகொண்டிருந்தார். சுவிட்ச் மாட்டிய அன்று பக்கத்தில் நின்று பார்த்தார். இரண்டு முறை அதை விழவைத்துத் தூக்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். அவருக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர்கள் எங்கே போயின என்பதை அவரே விரலால் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

அதன்பின் பேட்டையில் ஒருவரிடம் அச்சு இரவல் வாங்கி டீக்கோப்பை வார்த்துப் பார்த்தார். வெள்ளையாக, நேராக, நன்றாகவே வந்தன. ஆனால் அதே கோப்பையைப் பேட்டையில் பலர் வார்த்தார்கள். அந்த மாதத்துக்குள் ஒரு ஆர்டராவது கிடைக்காவிட்டால் ஷெட்டைக் காலி செய்துவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. சித்தி எங்களுடன்தான் இருப்பாள். என்னைச் சைக்கிளில் பள்ளிக்கு அழைத்துப் போக ஆள் இருக்காது என்பதுதான் இதில் எனக்குப் புரிந்த பகுதி.

அந்தச் சமயத்தில்தான் புதுச்சேரியில் டீக்கடை திறக்கவிருந்த ஒரு அம்மா, கோப்பை பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல கோப்பைகளையெல்லாம் சித்தி மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டாள். அதனால் அவருக்கு டீ கொடுக்க, வீட்டில் நாங்கள் புழங்கும் கோப்பைதான் மிஞ்சியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பேட்டையில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு நல்ல சரக்கு வராது. ஒரு பக்கம் சூடு கூடியதால் சாய்ந்த கோப்பை, விளிம்பு நெளிந்த தட்டு, காது குறைந்த பிள்ளையார் என்று, விற்க முடியாதவைதான் வரும். கோப்பை என்றாலே சாய்ந்துதான் இருக்கும் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன். மேசைமேல் இருந்தவை நேராக இருப்பது, கடைக்குப் போகும்போது தலைவாரிப் பவுடர் பூசிக்கொள்வதைப் போல என்று எண்ணிக்கொண்டேன். ஆகவே எந்தக் கூச்சமும் இல்லாமல், இருப்பதிலேயே சாய்ந்த, எனக்குப் பிடித்த கோப்பையில் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த அம்மா மேசையில் இருந்தவற்றைப் பார்த்து, நன்றாக இருக்கின்றன, யோசித்துச் சொல்கிறேன் என்றார். டீயைக் குடித்து முடித்தார். பிறகு கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மாதிரி கிடைக்குமாங்க?"

சித்திக்கு முகம் சிவந்துவிட்டது. "அது கழிவுங்க. பாப்பா தெரியாம கொண்டாந்துட்டுது."

"இதுதாங்க வேணும். ஒரு பெட்டி. எல்லாம் இதே மாதிரி சாஞ்சிருக்கணும்."

சித்தப்பா தயங்கி, "சாய்வாங்க?" என்று கேட்டார். "சாய்வாத்தாங்க" என்றார் அவர்.

பேட்டைக் கழிவில் பொறுக்கினால் ஒன்று இப்படிச் சாய்ந்திருக்கும், ஒன்று அப்படி. பாதியில் விரிசல் வேறு. அதனால் சித்தப்பா நேரான அச்சில் வார்த்து, ஈரம் காயும்முன் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திச் சாய்த்தார். "இன்னாய்யா, நேரா செய்யறது மறந்து பூட்டியா?" என்று பக்கத்து ஷெட்காரர் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார். பேட்டைக்குப் பொதுவான சூளையில் அடுக்கினார்கள். சூளை ஆறித் திறந்தபோது ஏறக்குறைய எல்லாமே நேராக நின்றன. வார்க்கும்போது கிடைத்த வடிவத்துக்கே திரும்பிவிட முயலும் குணம் அந்த மண்ணுக்கு உண்டு என்பதைப் பியூஸ் கட்டை செய்தவர் அதுவரை அறிந்திருக்கவில்லை. நேரான கோப்பை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் திட்டியதை நான் கேட்டேன்.

சித்தி சொன்னாள்: "நேத்து வரைக்கும் கோணலா வந்தா திட்டினீங்க. இன்னிக்கி நேரா வந்துட்டுதுன்னு திட்டுறீங்க. அது இன்னாதான் பண்ணும்?"

பிறகு அவளே, அச்சையே கோணலாகச் செய்தால் என்ன என்றாள். பேட்டைக்கு அச்சு செய்து தரும் அச்சுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. கோணல் அச்சு தன் பட்டறையிலிருந்து வந்தது என்று தெரிந்தால் பேர் கெட்டுவிடும் என்றார். கடைசியில் வீட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, சித்தப்பாவே ஒரு மாதிரி உருவத்தைச் செதுக்கினார். வெந்தால் மண் சுருங்கும் என்பதால் அதைவிடச் சற்றுப் பெரிதாகச் செதுக்கினார். சாய்வை எந்தப் பக்கம் வைப்பது என்று சித்தியைக் கேட்டார். சாப்பிடும்போதுகூட அந்த உருவம் அவர் பக்கத்தில் இருந்தது.

அதிலிருந்து அவரே அச்சு எடுத்து வார்த்ததில், இரண்டாவது சூளையில் எல்லாம் சாய்ந்தே வந்தன. பெட்டியில் வைக்கோல் வைத்துக் கட்டி, பஸ் ஸ்டாண்டில் புதுச்சேரி பஸ்ஸில் ஏற்றும்முன் எடுத்ததுதான் அந்தப் படம். பெட்டியோடு போன சித்தப்பா, திரும்பி வரும்போது அடுத்த ஆர்டருடன் வந்தார். திருப்பூர்ப் பேச்சு அதோடு நின்றது. பின்னாளில் செடித்தொட்டி, கதவுக் குமிழ் என்று என்னென்னவோ செய்தார். யாராவது கேட்டால் முதலில் முடியாது என்பார். மறுநாள் மண்ணைக் குழைத்துக்கொண்டிருப்பார். அந்த அச்சுக்காரரும் இப்போது எந்தக் கோணலையும் மறுப்பதில்லை.

கோப்பை பிடித்துப்போனதால்தான் அந்த அம்மா கேட்டார் என்று நான் நம்பியிருந்தேன். எனக்குப் பிடித்த கோப்பை, யாருக்குத்தான் பிடிக்காது? அன்று அவர் வந்ததிலிருந்து கிளம்பும்வரை பெரியவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சில் சித்தி, சித்தப்பா திருப்பூர் போகப்போவதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். அந்தக் கண்ணீருக்கும் ஆர்டருக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த அம்மா கோப்பையைக் கேட்ட பிறகுதான் தான் அழுததாகச் சித்தி சொல்கிறாள். அதற்கு முன்பே அழுதுவிட்டாள் என்கிறார் அப்பா. சித்தப்பா இரண்டையும் மறுப்பதில்லை. புதுச்சேரியில் அந்த டீக்கடை இப்போது இல்லை. அந்த அம்மா எங்கே போனார் என்றும் தெரியவில்லை. எது முன், எது பின் என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை. அங்கே நானும் இருந்தேன். தட்டில் டீ சிந்தாமல் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.