புல்தரைக்கு இறைத்த கிணறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் சாலையில், ஒரு பஞ்சாலைத் துரையின் பங்களாவில் நான் தோட்ட மேஸ்திரியாக இருந்தேன். எனக்குக் கல்யாணமான புதிது. ஆலைக்குள் பஞ்சுத் தூசியை விழுங்குவதைவிடச் செடிகளோடு இருக்கலாமே என்று சந்தோஷமாகத்தான் வேலையில் சேர்ந்தேன்.

துரையின் மனைவியை எல்லோரும் துரைசாணி என்போம். அவர் குளிர் தேசத்தில் பிறந்தவர். அவருடைய ஊரிலும் எங்கள் கரிசலைப்போல் களிமண்தானாம். அந்த மண்ணில் அவர் அப்பா பாய் விரித்தாற்போல் புல் வளர்த்ததை அரைகுறைத் தமிழில் அடிக்கடி சொல்வார். பங்களாவின் முன்னால் அதேபோல் ஒரு புல்தரை வேண்டும் என்பது அவர் ஆசை. களிமண்ணை ஈரத்தோடு மிதித்தால் இறுகிப்போகும், மணலும் மக்கிய எருவும் கலந்து கொத்திவிட வேண்டும், புல்லை ஒட்ட வெட்டக் கூடாது என்றெல்லாம் சொன்னார். எல்லாம் சரியான யோசனைகள்தான். வைகையிலிருந்து வண்டி வண்டியாக மணல் அடித்தோம். தண்ணீர் தேங்காதபடி தரையை லேசாகச் சரித்தோம்.

கப்பலில் வந்த விதை மார்கழிப் பனியில் பொசுபொசுவென்று முளைத்தது. துரைசாணி செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தார். மாசி வெயிலில் நுனி கருகியது. பங்குனிக்குள் அவ்வளவும் மாண்டது. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், கண்மாயின் உட்பள்ளத்தில் ஈரம் மிச்சமிருந்த இடத்திலிருந்து அருகம்புல்லை வேரோடு பெயர்த்து வந்து நட்டேன். தண்ணீர் கிடைத்தால் அருகு எங்கும் படரும். அந்த வருஷம் ஐப்பசி மழை பொய்த்திருந்ததால் கிணறு ஒன்றுதான் கதி. விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை மாடு பூட்டிக் கமலை இறைத்தோம்.

புல் தழைத்தது. சுற்றிலும் காடு கரைகள் சாம்பலாகக் கிடக்க, நடுவில் அந்தப் பச்சை மட்டும் தெரிந்தது. ஊர் மாடுகள் வேலியோரம் வந்து நின்றன. விரட்டினாலும் போகவில்லை. அவற்றை ஓட்டிப் போக வந்தவர்களும் பேசாமல் புல்லைப் பார்த்தபடி நின்றார்கள். அவர்கள் ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சித்திரையில் கரிசல் வெடித்தது. வெடிப்புகளில் என் கை முழங்கை வரை போனது. ஒரு நாள் காலையில் கமலை ஓட்டுகிறவர் என்னைத் தேடி வந்தார். என்னைவிட மூத்தவர், சத்தமாகப் பேசியே நான் கேட்டதில்லை.

“தம்பி, மாடு கிணத்தடிக்கு வர மறுக்குது. நேத்து வரைக்கும் வந்த மாடு.”

போய் எட்டிப் பார்த்தேன். புல்தரைப் பக்கத்துக் கல்கட்டு, நிறைமாத வயிறுபோல் உள்ளே புடைத்திருந்தது. அந்தப் பக்கம் மண் தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. எதிர்ப்பக்கம் மண் காய்ந்து சுருங்கி, கல்லுக்குப் பின்னால் இடைவெளி விழுந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கோ ஒரு கட்டி பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது.

துரையிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள், அது முடியட்டும் என்றார். அத்தனை காலம் நின்ற கிணறு இரண்டு நாளில் எங்கே போய்விடும் என்று சிரித்தார். இன்று பூட்ட வேண்டாம் என்று கமலைக்காரரிடம் கெஞ்சினேன்.

“பூட்டலைன்னா நாளைக்கு வேற ஆளு வந்து பூட்டுவான். அவனுக்கு இந்த மாட்டப் பத்தி என்ன தெரியும்?” என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. புல் அறுக்கிற அரிவாளோடு மாடு இறங்கி ஏறும் கமலைத் தடத்தின் ஓரத்திலேயே நின்றுகொண்டேன். சாலில் தண்ணீர் நிறைந்து மேலே வந்துகொண்டிருந்தது. அவர் வடத்தின்மேல் உட்கார்ந்து மாடுகளைச் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தார். காலடியில் தரை ஒருமுறை நடுங்கியது. கல்கட்டு சரிந்தது, கமலைச் சட்டமும் அதோடு கிணற்றுக்குள் போனது. வடம் மாடுகளைப் பின்னோக்கி இழுத்தது. அவர் குதித்துவிட்டார். நான் ஓடிப்போய் வடத்தில் அரிவாளைப் போட்டேன். இரண்டாம் வெட்டில் அறுந்தது. ஒரு மாடு பிழைத்தது. இன்னொன்றுக்குப் பின்னங்கால் முறிந்திருந்தது. கமலைக்காரர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

துரைசாணி வெறுங்காலோடு ஓடி வந்தார். கிணறு இருந்த இடத்தையும் மாட்டையும் பார்த்தார். என்னிடம், “கேட்டைத் திற. மாடு எல்லாம் உள்ளே வரட்டும்” என்றார். துரை ஏதோ கத்தினார். அந்த அம்மாள் திரும்பியும் பார்க்கவில்லை. நான் திறந்தேன். உச்சிப்பொழுதுக்குள் மண்தான் மிச்சம்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுவாரம் துரை, பங்களாவின் மறுபுறம் புதுக்கிணற்றுக்குக் குறி போட்டு, எனக்கு ஆள் சேர்க்க உத்தரவு போட்டார். குறி போட்ட இடத்தைப் போய்ப் பார்த்தேன். அதே கரிசல். அடித்த முளைக்குச்சியை ஒட்டியே ஒரு வெடிப்பு ஓடியது. சிறு கல்லை உள்ளே போட்டுக் காது கொடுத்தேன். அது விழுந்த சத்தமே கேட்கவில்லை.

கமலைக்காரர் கூலிப் பாக்கிக்கு ஈடாகப் பிழைத்த மாட்டைப் பிடித்துக்கொண்டு சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைக்கக் கிளம்பினார். போகும்போது, “நீ ஆளு சேத்துக் குடுக்காத தம்பி” என்று மட்டும் சொன்னார். நானும் அன்றே வேலையை விட்டு, மனைவியோடு மேலூருக்குப் போய்விட்டேன். தோண்டுவதற்கு யாரோ ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பக்கம் நான் அப்புறம் போகவே இல்லை.