முதலில் அக்காவுக்கு

தங்கச்சியின் போனில்தான் அந்தப் படத்தைப் பார்த்தோம். தமிழில் டப் செய்த இங்கிலீஷ் படம். பள்ளிக்கூடம் போகும் அக்கா, தங்கை. அக்கா ஊர்ப்பட்ட வாயாடி; எந்தப் பையனும் கிட்டே வரமாட்டான். தங்கைக்கோ ஒருவன் மேல் ஆசை. அப்பன்காரன் ஒரே பிடியாக நிற்கிறான்: மூத்தவள் யாரோடாவது வெளியே போனால்தான் சின்னவளும் போகலாம்.

"ஏதோ பழைய நாடகமாம்க்கா. அத இந்தக் காலத்துக்கு மாத்தி எடுத்திருக்காங்க" என்றாள் தங்கச்சி.

"அப்பவே நம்ம அப்பாவப் பத்தி எழுதி வச்சிட்டாங்களாடி?"

வயிறு வலிக்கச் சிரித்தோம். பக்கத்து அறையிலிருந்து அப்பா, "இன்னா அங்க இளிப்பு?" என்று அதட்டினார். அதற்கும் சிரித்தோம்.

கடைசியில் அந்த வாயாடி ஒருவனிடம் மனசைப் பறிகொடுத்துக் கண்கலங்கி நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லாத்தானேடி இருந்தா? எதுக்கு இப்டி அடங்கிப் போறா?"

தங்கச்சி போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ அடங்கினாத்தான்க்கா சின்னவளுக்கு வழி."

சுருக்கென்றது. யாரைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

கூட வேலை பார்க்கும் பையனை அவள் விரும்புவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜாதகம் பொருந்தி, அப்பாவுக்கும் பிடித்துவிட்டது. ஆனால், "பெரியவள வச்சிக்கினு சின்னவளுக்கு எப்படி முடிக்கிறது? பெரியவளுக்கு இன்னா கொறைனு ஊரு கேக்காதா?" என்பார். அவளுக்கே முதலில் முடியுங்கள் என்று நான் கெஞ்சியும் பார்த்துவிட்டேன். மனுஷர் அசையவில்லை. பையன் வீட்டிலோ தை வரைக்கும்தான் பொறுப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். அந்த வேலை எனக்கு உயிர். பெண் பார்க்க வருகிறவர்கள், "வேலைய விட்டுடுவியாம்மா?" என்பார்கள். "உங்க புள்ள விடுவாருங்களா?" என்பேன். அதோடு பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அக்காவைப் பார்க்க வரும்போது தங்கச்சி கண்ணில் படக்கூடாது, சின்னவளைக் கேட்டுவிடுவார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு பயம். வழக்கம்போல் அம்மா அவளைப் பக்கத்து வீட்டுக்குத் துரத்தினாள். சம்பாதிக்கிற பெண், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காப்பித் தட்டை நீட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போறதெல்லாம் எங்க வீட்ல பழக்கமில்லம்மா. விட்டுடுவ இல்ல?" என்றார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா தொண்டையைச் செருமினார். பதில் என் நாக்கு நுனியில் நின்றது.

"விட்டுடறேங்க" என்றேன்.

அவர்கள் அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள். சேதி கேட்டுத் தங்கச்சி ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, என் சாமி! தைக்குள்ள ரெண்டு கல்யாணத்தையும் முடிச்சிடலாம்னு அப்பா சொல்லிட்டாருக்கா!" அழுதாள், சிரித்தாள், போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

மாப்பிள்ளை உனக்குப் பிடிச்சிருக்கா என்று அவளாவது கேட்பாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசி முடித்துவிட்டு என்னிடம் திரும்பி, "முகூர்த்தத்துக்கு எனக்கு எந்தக் கலர் புடவைக்கா எடுக்கலாம்?" என்றாள்.