மஞ்சள் முடிச்சுக்குள் மொட்டைக் காசு

மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிற கன்னிவாடிக்குப் போயிருந்தபோது, காய்கறி வாங்கிய மீதிச் சில்லறையோடு சேர்ந்து அது என் கைக்கு வந்தது. ஒற்றை ரூபாய் அளவில் ஓர் எஃகு வில்லை. சிங்கமும் இல்லை, எண்ணும் இல்லை. இரண்டு பக்கமும் மொட்டை. வேறு யாராவது என்றால் கடைக்காரரோடு சண்டை போட்டிருப்பார்கள். எனக்குக் கொடைக்கானலில் ஜீப் ஓட்டுவது பிழைப்பு, காசு சேர்ப்பது பைத்தியம். வாயை மூடிக்கொண்டு மலையேறிவிட்டேன்.

என்னைப் போன்ற பைத்தியங்களுக்கென்று ஒரு கைபேசிக் குழு உண்டு. அதில் படம் போட்டேன். எல்லாம் தெரிந்த ஒரு மதுரைக்காரர் உடனே விசாரணையை ஆரம்பித்தார். காந்தத்தில் ஒட்டுகிறதா? ஒட்டியது. எடை? தெரிந்த நகைக்கடையில் நல்ல ஒற்றை ரூபாயோடு வைத்து நிறுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே எடை. "அப்போ தேய்ஞ்ச காசு இல்லை. தேய்ஞ்சா எடை குறையும்" என்றார். அதற்கு மேல் இறங்கி வரவில்லை.

நாணயச்சாலையில் தகட்டை வட்டமாக வெட்டி, ஓரத்தைக் கொஞ்சம் மேடாக்கி, அதன் பிறகுதான் முத்திரை அடிப்பார்களாம். அந்த அடியை வாங்காமல் வெளியே தப்பி வந்தால்தான், காசு சேர்க்கிறவர்கள் தேடி அலைகிற பிழைக்காசு. ஓரம் மேடாகும் முன்பே தப்பி வருவதும் உண்டு, ஆனால் பட்டறையில் வெட்டிய தகட்டுத் துண்டும் அப்படியேதான் இருக்கும் என்பதால் யாரும் நம்ப மாட்டார்கள். "விளிம்பைப் பார்த்துச் சொல்லுங்க" என்று முடித்தார். காலையில் பார்ப்போம் என்று வில்லையைச் சாமி அலமாரியில் விபூதித் தட்டில் வைத்தேன். அங்கே திருட்டுப் பயம் இல்லை என்று எனக்கு நினைப்பு.

வெள்ளனே மருமகன் போன் செய்தார். மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றார். நான் ஜீப்பைக் கிளப்ப, என் மனைவி எதையோ கையில் பொத்திக்கொண்டு ஓடி வந்து ஏறினாள். பெருமாள்மலை தாண்டியதும்தான் கையை விரித்தாள். மஞ்சள் துணி முடிச்சு.

"விபூதித் தட்டுல ஒத்த ரூபா கெடந்துச்சுங்க. கரண்டு இல்ல, தடவித்தான் எடுத்தேன். தாயும் புள்ளையும் நல்லபடியா வந்தா பழனி உண்டியல்ல போடுறதா முடிஞ்சுட்டேன்."

"அடிப்பாவி, அது காசே இல்லடி!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. முடிச்சையே பார்த்துக்கொண்டு, "அப்ப என் வேண்டுதல்?" என்று மட்டும் கேட்டாள். என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வேறு காசு முடிந்துகொள் என்றேன். "சாமிகிட்ட ஒருதடவைதாங்க சொல்ல முடியும்" என்றாள். வேண்டுதல் நிறைவேறாமல் முடிச்சை அவிழ்க்கவும் கூடாது.

அடுத்த வளைவில் ஜீப்பை ஓரங்கட்டி முடிச்சை வாங்கினேன். நேற்று வரை அது பிழைக்காசாக இருந்தால் குழுவில் காலரைத் தூக்கிவிடலாம் என்றிருந்தவன், இப்போது அவளுக்காக அது காசாக இருந்துவிடக் கூடாதா என்று தவித்தேன். துணிக்கு மேலே கட்டைவிரல் நகத்தால் மெதுவாக இழுத்தேன். ஸ்கேன் பார்க்கிற டாக்டரைப் பார்ப்பது போல அவள் என் முகத்தையே பார்த்தாள். நடுவில் வழுவழுப்பு. ஓரத்தில் நகம் தட்டி நின்றது. சுற்றி வந்தேன், சுற்றிலும் நின்றது.

"மேடு இருக்குடி! பட்டறைத் துண்டு இல்ல. காசாகத்தான் கிளம்பியிருக்கு. முத்திரை விழுறதுக்கு முன்னாடி வெளிய வந்துருச்சு, அம்புட்டுத்தான்."

"அப்பச் சரி. வெரசா வண்டிய எடுங்க" என்று முடிச்சைப் பிடுங்கிக்கொண்டாள்.

பேத்தி அன்று மத்தியானமே பிறந்தாள். ஒரு கோழிக்குஞ்சுக்குரிய சதைதான். மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அந்த மூன்று வாரமும் முடிச்சு என் மனைவியின் இடுப்பிலேயே இருந்தது.

ஐந்தாம் மாதம் எல்லோரும் பழனிக்குப் போனோம். அதற்குள் மதுரைக்காரர் என் விளக்கத்தைக் கேட்டு, அசல் பிழைக்காசுதான் போலிருக்கிறது, விளிம்பைப் படம் எடுத்துப் போடுங்கள் என்று தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தார். உண்டியல் முன்னால் முடிச்சு அவிழ்ந்தது. ஐந்து மாதம் கழித்து அதைப் பார்க்கிறேன். அப்படி ஒரு பளபளப்பு. எனக்குக் கை அரித்தது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி, "இதைப் போடலாமே, சாமிக்கும் லாபம்தானே?" என்றேன்.

"தப்பா வந்த காசுன்னா அம்புட்டு மதிப்பாங்களா?" என்றாள் என் மனைவி.

"பின்னே? கோடியில ஒண்ணுதான் இப்படி முன்னாடியே தப்பி வரும்."

அவள் மகளின் தோளில் உமிழ்நீர் வடித்துக்கொண்டிருந்த பேத்தியைக் காட்டினாள். "இவளும் அப்படித்தானே வந்தா. அதைப் போட்டுட்டு இவளைத் தூக்கிக்கங்க."

போட்டேன். தூக்கிக்கொண்டேன். மதுரைக்காரருக்குப் பேத்தியின் படத்தைத்தான் அனுப்பினேன்.