ஊசிச் சூடு

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் நுங்கு அதிகம் தின்றது யாரென்று கேட்டால் நான்தான். ஆனால் அத்தனையும் சித்தியின் பெயரைச் சொல்லி வாங்கியது.

சித்தி என்றால் சித்தப்பாவின் மனைவி. பசுவந்தனைப் பக்கத்தில் பதினோரு பேர் சாப்பிடுகிற எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். தலைப்பிள்ளை பிறந்த நாலாம் மாதம் அவளுக்குக் கைவிரல்கள் கோணிக்கொள்ள ஆரம்பித்தன. ஐந்து விரலும் குவிந்து விறைத்துப்போகும், விரிக்க வராது. ஒருநாள் பிள்ளையோடு நிற்கும்போதே அப்படி ஆகி, பிள்ளை நழுவி, நல்லவேளை பருத்திக் குவியலில் விழுந்தது. அன்றைக்குச் சித்தி அழுத அழுகை இருக்கிறதே! "இனி எம்பிள்ளைய நான் எப்படித் தூக்குவேன்?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பால் கொடுத்துக் கொடுத்து உடம்பில் கால்சியம் குறைந்துவிட்டது என்றார் கோவில்பட்டி டாக்டரம்மா. ஒருநாள் விட்டு ஒருநாள் நரம்பில் ஊசி, மொத்தம் பத்து. சித்தப்பாவுக்குப் பருத்தி எடுப்பு. பள்ளிக்கூட லீவில் சும்மா திரிந்த எட்டு வயதுக்காரி நான், பிள்ளை தூக்கக் கூடப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம்! யாருக்குக் கசக்கும்?

டாக்டரம்மா மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார். வேகமாக ஏற்றினால் ஆபத்தாம். "பாப்பா, சித்தி ஊசியைப் பாக்காம இருக்கணும். நீ பேசிக்கிட்டே இரு" என்பது எனக்கு உத்தரவு. பேசுவதற்கு எனக்குச் சொல்லியா தரவேண்டும்? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் எருமை சித்தப்பாவின் வேட்டியைத் தின்ற கதையை எடுத்துவிடுவேன். "ஏட்டி, சிரிக்க வைக்காத! ஊசி ஒடிஞ்சிரப் போவுது!" என்று சித்தி உதட்டைக் கடிப்பாள். நடுவில், "தொண்டையில சூடு ஏறுது" என்பாள். டாக்டரம்மா நிறுத்தி, சூடு தணிந்தபிறகு மறுபடி ஏற்றுவார். நாங்கள் வெளியே வந்து கடலைமிட்டாய் தின்பதற்குள் எல்லாம் ஆறிப்போயிருக்கும்.

ஆனால் வீட்டுக்கு வந்து அம்மா கேட்டால், "உடம்பெல்லாம் தீயா எரியுதுக்கா" என்பாள் சித்தி.

கரிசக்காட்டு வீடுகளில் சூடு என்று சொல்லிவிட்டால் அப்புறம் கேள்வியே கிடையாது. அம்மா பதறிவிடுவாள். "சூட்டு உடம்போட அடுப்புகிட்டப் போனா பால் வத்திரும். பேசாம உக்காரு நீ!" அன்றைக்கு முழுவதும் சித்திக்கு அடுப்பு இல்லை, உரல் இல்லை, தண்ணீர்க் குடம் இல்லை. பாயும் நுங்கும் மடியில் பிள்ளையும்தான். நுங்கில் முக்கால்வாசியை என் பக்கம் தள்ளிவிடுவாள். இப்படி வாய் கூசாமல் புளுகுகிறாளே என்று எனக்கு ஆச்சரியம். காட்டிக்கொடுக்க நான் என்ன மடச்சியா?

ஏழெட்டு ஊசியிலேயே விரல்கள் நன்றாக நீண்டுவிட்டன. சித்தி பிள்ளையைத் தலைக்குமேல் தூக்கிப்போட்டுப் பிடித்தாள். எனக்குச் சந்தோஷம்தான், கூடவே ஊசி நின்றால் நுங்கும் நின்றுவிடுமே என்ற கவலையும். பத்தாவது ஊசி முடிந்ததும் டாக்டரம்மா அவள் காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் தட்டினார். முதல்நாள் அப்படித் தட்டியபோது உதடு வெட்டி இழுத்தது; கால்சியம் குறைந்ததற்கு அதுதான் அடையாளமாம். இன்று அசையவேயில்லை.

"இன்னும் விரல் கோணுதா?"

நான் முந்திக்கொண்டேன். "நேத்துகூடக் கோணிச்சு டாக்டரம்மா! அகப்பையே பிடிக்க முடியல அவியளுக்கு!"

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். செத்தோம் என்று நினைத்தேன். அவளோ தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா டாக்டரம்மா, கொஞ்சம் இருக்கு" என்றாள்.

டாக்டரம்மா அவள் கையைத் திருப்பி, காய்ப்பேறிய உள்ளங்கையைக் கொஞ்சநேரம் பார்த்தார். "ஊசி போதும், இனி மாத்திரைதான். ஆனா ஆறு மாசத்துக்கு வாரம் ஒருதடவ வந்து காட்டணும். வந்துட்டுப் போற அன்னைக்கு ஒரு வேலையும் செய்யக்கூடாது. பாப்பா, நான் சொன்னேன்னு வீட்ல சொல்லு."

படித்த டாக்டரையே ஏமாற்றிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை. பஸ்ஸில் சித்தி என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். பார்த்தால் கண்ணில் தண்ணீர். சித்திக்கும் நுங்கு அவ்வளவு பிடிக்கும் போலிருக்கிறது, பாவம், இனிமேல் பாதியாவது அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் தீர்மானம் செய்துகொண்டேன்.