ஆடும் இறங்க அஞ்சும் தடம்

தம்பி அர்த்தனாரி கொல்லிமலைமேல் அச்சுக்கூடம் வைத்திருந்தான் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. பிறந்ததுதான் மலையில், குண்டூர் நாட்டில்; மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அச்சுக்கூடம் கீழே சேந்தமங்கலத்தில். அந்த இரும்பு யந்திரத்தை மலைக்கு ஏற்ற வழி ஏது?

அவன் நடத்திய வாரப் பத்திரிகையின் பெயர் 'மலைத் தூதன்'. தூதன் மலையேறுவதற்குள் செய்தியெல்லாம் வாய்வழியாக முன்னமே ஏறிவிடும். ஆனாலும் ஊருக்கு ஒரு பிரதி வாங்கினார்கள். எழுத்துத் தெரிந்தவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து, நடந்ததை அர்த்தனாரி சரியாக எழுதியிருக்கிறானா என்று சோதிப்பார்கள். தப்பு அகப்பட்டால் அந்த வாரம் திருவிழாதான்.

பத்திரிகையில் மிஞ்சிய காசைக் காய்ச்சல் மருந்தாகவும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிலேட்டாகவும் மலைக்கே திருப்பி அனுப்புவான். அவன் மனதை அறுத்தது மலைத்தடம் ஒன்றுதான். ஒரு மழைக்காலத்தில் முனியாயி என்பவளைக் காய்ச்சலோடு டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். புறப்பட்டபோது நோயாளி ஒருத்தி; ஆஸ்பத்திரி சேர்ந்தபோது, தூக்கியவர்களில் விழுந்தவர்களையும் சேர்த்து மூன்று பேர். அடுத்த மழைக்குள் தடம் சீராகாவிட்டால் பிணம்தான் இறங்கும் என்று அவனுக்குப் பட்டுவிட்டது. பாதைகளைக் கவனிக்கும் ஜில்லா போர்டுக்கு மனுமேல் மனு போட்டான். பதில் இல்லை. கடைசியில், "குண்டூர் நாட்டுத் தடத்தில் ஆடும் இறங்க அஞ்சும். அதிகாரிகள் வந்து பார்க்கட்டும்" என்று பத்திரிகையில் எழுதினான்.

ஓர் அதிகாரி வருவதாகத் தேதியே கொடுத்துவிட்டார். தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சேதியையும் பெரிய எழுத்தில் போட்டான். அங்கேதான் பிசகினான்.

குறித்த நாளில் அதிகாரியோடு அடிவாரம் போனால், பழைய தடத்தைக் காணோம். புதர் வெட்டி, பாறை பெயர்த்து, ஓடையில் கல் அடுக்கி, சாணம்கூடத் தெளித்து ஒரு பாதை மேலே போயிற்று. ஊர்ப்பெரியவர் நல்லமுத்து கடப்பாரையோடு நின்றார்.

"என்னங்க மாமா இது?" என்று அர்த்தனாரி அவர் காதைக் கடித்தான்.

"பெரிய மனுசர் வாரப்ப வழி அப்படியா கெடக்கும், சாமி? நாடே கூடிச் செஞ்சோம். எங்க ஆட்டைப் பயந்தாங்கொள்ளின்னு வேற எழுதிப்போட்டே."

"ஒரு வாரம் கழிச்சுச் செஞ்சிருக்கக் கூடாதுங்களா?"

"விருந்தாளி போனதுக்கப்புறம் ஆராச்சும் வாசல் கூட்டுவாங்களா, கண்ணு?"

அதிகாரி ஊன்றுகோல் இல்லாமலே ஏறினார். மேலே பலாச்சுளையும் சாமைச்சோறும் கொடுத்தார்கள். போதாததற்கு இரண்டு ஆடுகளை அவர் கண்ணெதிரே தடத்தில் விட்டார்கள். அவை துள்ளிக்கொண்டு இறங்கின. போர்டு காசு செலவழிக்கத் தேவையில்லை என்றும், பொய் எழுதிய பத்திரிகை திருத்தம் போட வேண்டும் என்றும் சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

அர்த்தனாரி தனியே இறங்கினான். பாதி வழிவரை நல்லமுத்துவைத் திட்டிக்கொண்டே வந்தான். பிறகுதான், ஓரிடத்திலும் கால் வழுக்கவில்லை என்பது உறைத்தது. கேட்டது தடம், கிடைத்ததும் தடம்.

திருத்தம் போட்டான். "ஆடு அஞ்சும் என்று எழுதியது தவறு. ஆடு அஞ்சவில்லை. தடத்தை நாட்டாரே போட்டுக்கொண்டார்கள்." கீழே, கடப்பாரை பிடித்த ஒவ்வொருவர் பெயரும் வந்தது. போர்டின் பெயருக்குத்தான் இடம் போதவில்லை. தன் பெயரைப் பார்க்க எழுத்துத் தெரியாதவர்களும் வாங்கியதில், மறுபடி அச்சடிக்க நேர்ந்தது. அந்த மழையில் டோலிகள் பத்திரமாக இறங்கின.

மழை விட்டதும் அதே மலையின் குண்டனி நாட்டார் நாலு பேர் அச்சுக்கூடத்துக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் நின்ற ராசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏனுங்க, குண்டூர்த் தடத்தை மட்டும் அப்படித் திட்டி எழுதுனீங்க. எங்க தடம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அர்த்தனாரி பேனாவை எடுத்தான்.

"ரண்டு வரி சேத்தியே வையுங்க," என்றார் ராசப்பன். "எங்காளுங்களுக்குச் சட்டுனு ரோசம் வராதுங்க."