பஸ் போகாத பாதை

படித்துறை கண்ணுக்குத் தெரியுமுன்னே சோப்பு வாசம் வந்துவிடும்... கூடவே ஈரமண் வாசமும், துணி துவைக்கிற சத்தமும். பாளையங்கால்வாய்க் கரையில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அது தெரியும்.

அப்போது நானும் மேலப்பாளையத்து மும்தாஜும் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டுகள். வாரம் முழுக்க மெஷின் முன்னால். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிள், கட்டுச்சோறு, கால்வாய்க் கரை. முன்னீர்பள்ளம் தாண்டி, மேலச்செவல் பக்கம், வயலும் தண்ணீருமாகப் போய்க்கொண்டே இருப்போம். ஒரு லாரி கிடையாது, பஸ் கிடையாது. எதிரே வந்தால் ஒரு மாட்டுக்கூட்டம் வரும், அதுவும் நம்மைப் பார்த்து ஒதுங்காது.

இந்தப் பாதையை நாங்கள் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. என் அப்பா சைக்கிளில் போகும்போது லாரி மோதி இறந்தவர். அதனால் அம்மா போட்ட சட்டம் ஒன்றுதான்.

"பஸ் போற ரோட்டுல மிதிச்சன்னு தெரிஞ்சிது... அன்னைக்கோட சைக்கிள மறந்துரு."

பஸ் ரோடு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். மும்தாஜுக்கு அப்படிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆனாலும் எனக்காக அவளும் இறங்கித் தள்ளுவாள். வழியில் பார்க்கிறவர்கள் "என்னம்மா, பஞ்சரா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவோம், விளக்கம் சொல்லி மாளாது.

அந்தக் கரையில் இன்னொரு சட்டமும் உண்டு. பெண்கள் குளிக்கிற படித்துறைக்கு முந்தின வளைவிலேயே ஆண்கள் பெல் அடித்து நின்றுவிட வேண்டும். "வாங்க" என்று குரல் வந்த பிறகு, தலையைத் திருப்பாமல் போக வேண்டும்.

நாங்கள் பெண்கள்தானே, எங்களுக்கு எதற்கு பெல்? ஆனால் மும்தாஜ் மரியாதைக்காரி. ஒரு ஞாயிறு, வளைவில் நின்று அடித்தாள் பாருங்கள்... ஊரே கேட்கிற மாதிரி.

படித்துறையில் ஒரே களேபரம். வளைவைத் தாண்டிப் போனால் எல்லாரும் கழுத்தளவு தண்ணீரில்.

"ஏட்டி, நீங்களா! எந்த எடுபட்ட பயலோன்னுல்லா நெனச்சோம்!" என்று ஒரு பெரியம்மா திட்டிக்கொண்டே சிரித்தாள்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஊருக்குப் புதிதாக வாழ வந்த பெண். கழுத்தில் மஞ்சள் கயிறுகூட வெளுக்கவில்லை. பெல் சத்தத்தில் பதறி, படியில் வைத்திருந்த மாற்றுச் சேலையை இழுத்திருக்கிறாள். அதுவும் பிழிந்து வைத்திருந்த சேலையும் சேர்ந்து தண்ணீரில் விழுந்து போய்விட்டன. மார்பில் கட்டிய பாவாடையோடு நின்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க மாமியா வீட்டுக்கு இப்படியே எப்படிக்கா போவேன்?"

மற்றவர்களிடமும் மாற்றுச் சேலை இல்லை, எல்லாரும் உடுத்தியதோடு நனைந்து நிற்கிறார்கள்.

தண்ணீரோடு போகிற சேலைகளைத் துரத்தி, நாங்கள் வந்த வழியே திரும்பி மிதித்தோம். மாம்பழ நிறத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று, முன்னும் பின்னுமாக மிதந்துகொண்டிருந்தன. எட்டி எடுக்க முடியாத நடுத் தண்ணீர். கொஞ்ச தூரத்தில் மும்தாஜ் டயரில் உடைமுள் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு நான் மட்டும்தான்.

பஸ் ரோட்டுக்குக் கீழே கால்வாய் நுழைகிற பாலத்துக்கு முன்னால் கரையை முள்ளடைத்து மறித்திருந்தார்கள். ரோட்டில் ஏறி, பாலம் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கினால்தான் சேலையை முந்தலாம். காலையில் வந்தது போலத் தள்ளிக்கொண்டு போனால் சேலை போய்விடும்.

ரோட்டோரம் ஒரு காலை ஊன்றி நின்றேன். சேரன்மகாதேவி பஸ் ஹார்ன் கேட்டது. ஊன்றிய காலை எடுத்து மிதித்துவிட்டேன். என்னை உரசுகிற மாதிரி அந்த பஸ் கடந்து போனது. ஜன்னலோரம் பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் முகம்.

சேலைகள் இரண்டும் பாலத்துக்கு அப்பால் ஒரு மடைக் கம்பியில் மாட்டி நின்றன. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்தேன். திரும்பிப் போனபோது அந்தப் பெண் உதடு நீலம் பூத்து நின்றாள். சேலையை வாங்கிக்கொண்டு, என் கையைப் பிடித்தவள் சீக்கிரம் விடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே அம்மா. அண்ணாச்சி முந்திக்கொண்டார். சைக்கிளை நிறுத்தியதும் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"பஸ் ரோட்டுல போனியாம்லா?"

"ஆமா."

நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை. சைக்கிள் போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா என் ஈரத் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சேல கெடச்சுதா?"

"கெடச்சிட்டு."

"அந்தப் பிள்ள கரையேறிட்டாளா?"

"ஏறிட்டாம்மா."

சாவியை ஆணியில் மாட்டினாள். "போ, ஈரத்த மாத்து. சோறு வைக்கேன்" என்று உள்ளே போய்விட்டாள். அடுத்த ஞாயிறு நான் கிளம்பும்போது, பஸ் ரோட்டில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று மறுபடியும் சொன்னாள். நானும் சரி என்றேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட்டது, படித்துறையில் செடி முளைத்துக் கிடக்கிறது. கரை தார் ரோடாகி, டிப்பர் லாரி போகிறது. நல்லதுதான், அந்த ஊர்க்காரர்களுக்கும் ரோடு வேண்டாமா...

என் மகளிடம் கியர் சைக்கிள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே ஆபீஸ் நண்பர்களோடு கிளம்பிவிடுகிறாள், ஏரல் வரைக்கும்கூடப் போகிறாள். பஸ் ரோட்டில் போகாதே என்று அவளிடம் நான் எந்த முகத்தோடு சொல்வது? பஸ் போகாத ரோட்டை நான் எங்கே காட்டுவது?

போனில் அவள் இருக்கிற இடம் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிகிறது. அது நகர்ந்துகொண்டிருக்கும்வரை பார்த்துக்கொண்டே வேலை செய்வேன். நின்றால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன், மறுபடி நகர்கிறவரை வேலை ஓடாது.

அம்மாவிடம் அந்தப் புள்ளிகூடக் கிடையாது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும், நான் திரும்பி வருகிறவரை அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.