அடிமட்டம் வைத்து வெட்டிய மூன்று கணக்குகள்

பரீட்சையில் பிள்ளைகள் விடும் தவறுகளைப் பற்றிப் பேச என்னை விட்டால் இந்தப் பக்கத்தில் ஆளே இல்லையாம். பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை நெருங்கினால் போதும், தலவாக்கலையிலிருந்து டயகம வரை தேயிலைத் தோட்டம் தோட்டமாகக் கூப்பிடுகிறார்கள். கணக்கு டீச்சர், மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன், வேறென்ன தகுதி வேண்டும்? ஓ.எல். கணக்கில் நான் முதல் தடவை ஃபெயில் என்பதை யாரும் கேட்பதில்லை. நானும் வலியப் போய்ச் சொல்வதில்லை.

நான் எழுதிய வருடமும் எங்கள் தோட்டத்து வாசிகசாலைக்கு டவுனிலிருந்து ஒரு சார் வந்து பேசினார். தவறுகளை இருபத்திரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். விடைத்தாளில் தன் சுட்டெண்ணை எழுத மறப்பது, ஐந்து கேள்விக்கு எழுதச் சொன்னால் ஆறுக்கு எழுதுவது, கேள்வியை அரைகுறையாக வாசிப்பது, காலையில் வயிறு முட்டச் சாப்பிடுவது, இப்படி. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, அவர் சொன்ன ஒரு தவறையும் பரீட்சையில் நான் செய்யவில்லை. இருபத்துமூன்றாவதாக ஒன்றைச் செய்தேன்.

அதைச் சொல்ல அம்மாவின் வேலையைச் சொல்ல வேண்டும். அம்மா கொழுந்து பறிப்பவள். மடுவக் கொட்டகையில் கொழுந்தை நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை சாக்குக்குள் கையை விட்டுக் கிளறுவார். முத்தல் இலை நாலு தட்டுப்பட்டால் ஒரு கிலோவைக் கழித்துவிடுவார். நாலு இலை ஒரு கிலோ என்பது எந்த ஊர் நியாயம் என்று அவரிடம் யார் கேட்பது? அதனால் தராசுக்குப் போகுமுன் அம்மா சாக்கைக் கவிழ்த்து, சந்தேகமான இலையையெல்லாம் பொறுக்கி வீசிவிடுவாள். பள்ளிக்கூடம் விட்டுத் தேத்தண்ணி கொண்டுபோகிற நானும் கூட உட்கார்ந்து பொறுக்குவேன். அம்மாவின் நிறையில் கைவைக்க அந்த மனிதருக்கு வழியே கிடைத்ததில்லை.

கணக்குப் பரீட்சை அன்று காலை அம்மா எனக்குத் திருநீறு பூசிவிட்டுச் சொன்னாள்:

"குடுக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கா நல்லா பாரு. டவுட்டா இருக்கிறத வெட்டிரு. சுத்தமா குடுத்தா எவனும் கழிக்க முடியாது."

எனக்கு அது வேதவாக்கு. கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்று கணக்குகள் மேல் சந்தேகம் வந்தது. அடிமட்டத்தை வைத்துக் கோணாமல் கோடிழுத்து மூன்றையும் வெட்டினேன். விடைத்தாளைக் கட்டிக் கொடுத்தபோது எனக்கிருந்த திருப்தி இருக்கிறதே, அப்பப்பா!

பெறுபேறு வந்த அன்று, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தாங்கி வரை ஏறிப்போய்ப் போனில் பார்த்தேன். மற்றப் பாடங்களெல்லாம் பாஸ். கணக்கு மட்டும் டபிள்யூ, அதாவது ஃபெயில். கணக்கில்லாமல் எங்கள் பள்ளியில் அடுத்த படியான ஏ.எல். வகுப்பு வாசலைக்கூட மிதிக்க முடியாது. கொழும்பில் துணிக்கடையில் நிற்கும் அத்தை அன்றைக்கே போன் எடுத்துவிட்டாள்.

"அண்ணி, எங்க கடையில ஆள் கேக்குறாங்க. அவள அனுப்பிருங்க."

"இன்னொருக்கா எழுதட்டும்," என்றாள் அம்மா. "அதுலயும் போச்சுன்னா வந்து கூட்டிட்டுப் போ."

அன்று முழுக்க அழுதேன். துணி மடிக்கும் கனவெல்லாம் வந்தது.

பள்ளிக்கூடத்துக் கணக்கு சாரால் நம்பவே முடியவில்லை. பழைய வினாத்தாள் ஒன்றைத் தந்து தன் முன்னாலேயே செய்யச் சொன்னார். செய்து முடித்தேன். ஒருமுறை பார்த்தேன். அடிமட்டத்தை எடுத்து ஒரு கணக்கை வெட்டினேன்.

"ஏய், ஏய்! என்னா பண்ற?"

"சந்தேகமா இருந்துச்சு சார்."

"பரீட்சையிலயும் வெட்டினியா?"

"மூணே மூணுதான் சார்."

வெட்டிய கணக்கைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். கடைசி வரிக் கூட்டலில் மட்டும்தான் பிழை.

"அடிப் பாவி! செஞ்ச வழிக்கே புள்ளி இருக்கு. பிழைன்னா அந்த வரிக்குத்தான் கெடைக்காது. மத்ததுல இருந்து யாரும் கழிக்க மாட்டாங்க. எவன் ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தான்?"

அம்மாவை நான் காட்டிக்கொடுக்கவில்லை. சார் சொன்னதை அவளிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடம் இரண்டாம் தடவை பரீட்சைக்குக் கிளம்பும்போது அதே திருநீறு, அதே பேச்சு.

"போன தரம் நீ ஒழுங்கா வெட்டிருக்க மாட்ட. இந்தத் தரம் நல்லா பாத்து வெட்டு."

"சரிம்மா," என்றேன். ஒரு கோடுகூடப் போடவில்லை. சி வந்தது. மடுவத்தில் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. "மொத தரம் நான் சொன்னத அவ காதுல வாங்கல. ரெண்டாந்தரம் கேட்டா, பாஸாயிட்டா!" நான் டீச்சரான பிறகும் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் அந்தக் கதைதான் ஓடியது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து வாசிகசாலையிலேயே என் பேச்சு. முன்வரிசையில் அம்மா, நல்ல சேலையில். இருபத்திரண்டு தவறுகளையும் விலாவாரியாகச் சொன்னேன். மற்றத் தோட்டங்களில் முதலாவதாகச் சொல்கிற, வெட்டாதீர்கள் என்பதை மட்டும் அன்று விழுங்கிவிட்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன. முடிக்கப் போகிற நேரத்தில் ஒரு பெண்பிள்ளை எழுந்தாள்.

"டீச்சர், பிழையா இருக்குமோன்னு தோணுனா வெட்டிறலாமா?"

நான் பதில் சொல்வதற்குள் முன்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"வெட்டிரணும்! எம் மக அப்பிடித்தான் பாஸானா."

அத்தனை பிள்ளைகளும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் இத்தனை கொப்பிகள்.

"எழுதாதீங்க," என்றேன். "எதையும் வெட்டாதீங்க. மூணு கணக்க வெட்டித்தான் நான் மொத தரம் ஃபெயிலானேன். ரெண்டாந்தரம் ஒண்ணையும் வெட்டல."

அம்மா மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லயத்துக்கு ஏறும் படிகளில் பாதி தூரம் வரை அவள் எனக்கு முன்னால் ஏறினாள். பிறகு நின்றாள்.

"அப்ப அந்த ஒரு வருசம் என்னாலதான் போச்சா?"

ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை.

"ஆமாம்மா."

மறுபடி ஏறினோம். நாலு படி தாண்டியதும் கேட்டாள்.

"ரெண்டாந்தரமும் அதத்தானே சொன்னேன்? சரின்னியே?"

"சொன்னேன்."

"கேக்கலையா?"

"கேக்கலம்மா."

"நல்ல வேள," என்றாள் அம்மா.